டிவி வாங்குமுன் சுவரைப் பாருங்கள்: மன்னார்குடி வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

2025 செப்டம்பர் 22 அன்று ஜி.எஸ்.டி. விகிதம் மாறியபோது, 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளின் வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆக இறங்கியது. 45,000 ரூபாய்க்கு விற்ற டிவி, வரிக்குறைப்பைக் கடைக்காரர் முழுதாகக் கொடுத்தால் ஏறக்குறைய 41,500-க்கு வரும். தீபாவளியும் அடுத்த மாதமே வந்ததால், பழைய டிவியோடு சமாளித்துக்கொண்டிருந்த பல வீடுகள் அப்போதுதான் கடைக்குக் கிளம்பின. மன்னார்குடியில் இருக்கும் என் பெரியம்மா வீடும் அதில் ஒன்று. சொந்தத்தில் யார் டிவி வாங்கினாலும் என்னைக் கூப்பிடுவது வழக்கம், இதற்கும் கூப்பிட்டார்கள்.

இந்த வீட்டை விரிவாக எழுதக் காரணம் இருக்கிறது. இங்கே கடைசி முடிவைத் தீர்மானித்தது பிராண்டோ விலையோ அல்ல. டிவியை எந்தச் சுவரில் மாட்டுவது, டிவிக்குள் என்ன சிக்னல் போகிறது என்ற இரண்டும்தான். இவை முடிவாகாமல் கடைக்குப் போனால், விற்பனையாளர் சொல்வதுதான் நம் தேவை என்று ஆகிவிடும்.

வீடும் ஆட்களும்

பெரியம்மாவுக்கு 74 வயது. இரண்டு கண்ணிலும் கண்புரை அறுவை முடிந்திருக்கிறது, காது கொஞ்சம் மந்தம். அண்ணன் காலையிலும் இரவிலும் செய்தி பார்ப்பார். அண்ணனுடைய பையன் இன்ஜினியரிங் படிக்கிறான், கிரிக்கெட் என்றால் சோறு தண்ணி வேண்டாம். பெண் ஒன்பதாம் வகுப்பு, யூடியூப்தான் அவளுக்கு எல்லாம். அப்புறம் அண்ணி.

டிவியைப் பற்றிய பேச்சில் அண்ணியிடம் யாருமே எதுவும் கேட்கவில்லை. ஆனால் மாலை ஆறரையிலிருந்து பத்து வரை டிவி ஓடும் நேரத்தில் பெரும்பகுதி அவர் சமையலறை வாசலில்தான் நிற்கிறார். தோசைக்கல் அடுப்பில் இருக்கும், காது சீரியலில் இருக்கும். "எனக்கென்ன, சத்தம் கேட்டாப் போதும். படம் இங்கேருந்து எங்க தெரியுது?" என்றார். அந்த வீட்டில் நான் கேட்டதிலேயே முக்கியமான தகவல் அதுதான். தினமும் மாலையில் மட்டும் மூன்றரை மணி நேரம் ஓடும் ஒரு பொருளை, அதன் அருகிலேயே வேலை செய்யும் ஒருவர் பார்க்க முடியாமல் இருப்பதை எல்லோரும் இயல்பாக எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பழைய டிவி 32 இன்ச் எல்.இ.டி. அதற்கு முன்பு, 2006 தேர்தலுக்குப் பின் அரசு கொடுத்த 14 இன்ச் கலர் டிவிதான் நெடுநாள் ஓடியது. 32 இன்ச் டிவியில் இப்போது பாதித் திரை இருட்டு. பின்னால் வெளிச்சம் தரும் எல்.இ.டி. பட்டைகள் போய்விட்டன. மெக்கானிக் பட்டையை மாற்றித் தருகிறேன் என்றார், விலையும் நியாயமானதுதான். வேறு வீடாக இருந்தால் அதையே செய்யச் சொல்லியிருப்பேன். பெரியம்மாவுக்குக் கீழே ஓடும் செய்தி எழுத்துகள் படிக்க முடியவில்லை என்பதால்தான் பெரிய திரைக்குப் போனோம்.

பட்ஜெட் 45,000. பையனுக்கு 65 இன்ச், 120 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 120 முறை படம் மாறும் திரை) வேண்டும். அண்ணனுக்கு 43 போதும். பெரியம்மாவுக்கு ரிமோட்டில் நம்பர் பொத்தான் இருக்க வேண்டும்.

ஹாலை அளந்தபோது

ஹால் கிழக்கு மேற்காக 16 அடி, தெற்கு வடக்காக 11 அடி. தெற்குச் சுவரில் வீடு கட்டும்போதே செய்த ஷோகேஸ். அதன் நடுத் திறப்பின் அகலம் 4 அடி, அதாவது 122 சென்டிமீட்டர். 55 இன்ச் டிவியின் திரை மட்டுமே கிட்டத்தட்ட 122 சென்டிமீட்டர் வரும், விளிம்பையும் சேர்த்தால் உள்ளே போகாது. 50 இன்ச் போகும், திரை 111 சென்டிமீட்டர்தான்.

இங்கேதான் பல வீடுகளில் "சரி, அப்போ 50 வாங்கிடலாம்" என்று முடிவாகிறது. மரவேலைக்காரர் பத்து வருஷத்துக்கு முன்னால் போட்ட அளவு இன்றைய டிவியைத் தீர்மானிக்கிறது. நான் அந்தச் சுவரையே சந்தேகப்பட்டேன்.

தெற்குச் சுவருக்கு எதிரே வடக்கில் தெருப்பக்க ஜன்னல்கள் இரண்டு. பகலில் அந்த வெளிச்சம் நேராகத் திரையில் விழுந்து பிரதிபலிக்கும். அணைந்திருக்கும் பழைய டிவியில் ஜன்னல் கம்பிகளையே எண்ணலாம். சமையலறை வாசலோ மேற்குச் சுவரில், தெற்கு மூலையிலிருந்து மூன்றடி தள்ளி. டிவியின் மையம் அங்கிருந்து பக்கவாட்டில் எட்டடி. கணக்குப் போட்டால் அண்ணி திரையை ஏறக்குறைய 70 டிகிரி சாய்வில் பார்க்கிறார். அந்தச் சாய்வில் எந்த டிவியானாலும் படம் ஒரு கீற்றுதான்.

இப்போது கிழக்குச் சுவரை எடுத்துக்கொள்ளுங்கள். சமையலறை வாசலுக்கு அது நேர் எதிர், சாய்வு பத்து டிகிரிகூட இல்லை. ஜன்னல் வெளிச்சம் பக்கத்திலிருந்து வரும், திரையில் நேராக விழாது. சோபாவைச் சுவரிலிருந்து ஒன்பதடியில் போட்டால், பின்னால் நடந்துபோக நாலடி மிச்சம் இருக்கும். தேவைப்பட்டதெல்லாம் ஒரு பிளக் பாயின்ட், கேபிள் ஒயரை இழுக்க ஒரு கேசிங் பட்டை. எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை.

தடை ஒன்று இருந்தது. கிழக்குச் சுவரில் பெரியப்பாவின் படம், மாலையும் சின்ன விளக்குமாக. அதை எடு என்று யாரும் பெரியம்மாவிடம் சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. ஷோகேஸ் காலியாகும், அந்த இடம் சும்மாதான் இருக்கும் என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவரே, "தெக்குச் சுவருதான் அவுகளுக்குச் சரி. அப்பவே அங்க மாட்டிருக்கணும்" என்றார். முன்னோருக்குரிய திசை தெற்கு என்பது அவர் நம்பிக்கை. அவரே முடிவெடுத்ததில் எனக்கு நிம்மதி.

பழைய டிவியே தெளிவாக இருந்தது என்று ஏன் சொல்கிறார்கள்?

புதுசாக 55 இன்ச் வாங்கியவர்களில் எத்தனையோ பேர் ஒரு மாதத்துக்குள் சொல்லும் குறை இது. டிவியைத் திட்டுவார்கள். கோளாறு பெரும்பாலும் டிவியில் இல்லை.

சாதாரண எஸ்.டி. ஒளிபரப்பில் ஒரு படத்துக்கு 576 வரிகள். 32 இன்ச் டிவியின் உயரம் ஏறக்குறைய 40 சென்டிமீட்டர், அதில் 576 வரி என்றால் ஒவ்வொன்றும் 0.7 மில்லிமீட்டர். நல்ல பார்வை உள்ள கண் ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு அளவுள்ள விவரத்தைப் பிரித்தறியும். அதன்படி சுமார் எட்டடி தாண்டினால் இந்த வரிகள் கண்ணுக்குத் தனியாகத் தெரியாது. ஒன்பதடியில் உட்கார்ந்து பார்த்த வீட்டுக்குப் படம் சுத்தமாகத்தான் இருந்திருக்கும். அதே 576 வரியை 55 இன்ச் திரையில் இழுத்தால் ஒவ்வொன்றும் 1.2 மில்லிமீட்டர். அது மறைய 13 அடிக்கு மேல் தள்ளி உட்கார வேண்டும். ஒன்பதடியில் முகங்கள் கலங்கலாக, எழுத்துகள் ஓரம் பிசிறடித்துத்தான் தெரியும். டிவி எவ்வளவு விலை உயர்ந்தது என்பது இதை ஓரளவுக்கு மேல் மாற்றாது.

எச்.டி. சேனலில் 1080 வரி. 55 இன்ச்சில் அது ஏழடி தாண்டினாலே மறைந்துவிடும். ஆக, ஒன்பதடி தூரத்தில் இருக்கும் இந்த வீட்டுக்கு எஸ்.டி.யிலிருந்து எச்.டி.க்குப் போவது பெரிய மாற்றம். எச்.டி.யிலிருந்து 4கே-வுக்கு (2160 வரி) போவது கண்ணுக்கு அனேகமாக ஒன்றுமில்லை. விளம்பரத்தில் எல்லாம் தலைகீழ்.

இந்த வீட்டில் இருந்தது எஸ்.டி. செட்டாப் பாக்ஸ். சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என மூன்று பின் ஒயரில் இணைத்தது. புது டிவிகள் பலவற்றில் அந்த மூன்று ஓட்டைகளே கிடையாது, தனியாக ஒரு இணைப்பு ஒயர் வாங்கி மாட்ட வேண்டும். மாட்டினாலும் படம் அதே 576 வரிதான். இன்னொரு விஷயம், நாலுக்கு மூன்று வடிவத்தில் வரும் பழைய படங்களை அகலத் திரைக்கு இழுத்து வைத்திருந்தார்கள். எல்லோர் முகமும் சப்பையாக இருந்தது, அதுவே பழகியும் போயிருந்தது.

எனவே முதல் செலவு டிவிக்கு அல்ல. கேபிள்காரரிடம் பேசி எச்.டி. பெட்டிக்கு மாற்றினோம், படத்தையும் சத்தத்தையும் சேர்த்துக் கொண்டுபோகும் எச்.டி.எம்.ஐ. ஒயரோடு. சன் டிவி, விஜய், ஜீ தமிழ் மூன்றின் எச்.டி. சேனல்களை மட்டும் எடுத்தார்கள், ஏனென்றால் பெரியம்மாவும் அண்ணியும் பார்க்கும் சீரியல்கள் இந்த மூன்றில்தான். மாதக் கட்டணம் கொஞ்சம் கூடியது. 55 இன்ச்சிலிருந்து 65-க்குப் போக ஆகும் பணம் இந்தக் கூடுதல் கட்டணத்துக்குப் பல வருஷம் காணும்.

அளவும் பேனலும்

சுவர் மாறியதும் ஷோகேஸ் கட்டுப்பாடு போய்விட்டது. ஒன்பதடியில் 55 இன்ச் திரை பார்வையில் ஏறக்குறைய 25 டிகிரி நிரப்பும். சினிமா, டிவி துறைப் பொறியாளர்கள் சொல்லும் 30 டிகிரியை எட்ட 65 வேண்டும், பையன் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால் பட்ஜெட்டுக்குள் வரும் 65 இன்ச் மாடல்கள் வேறு எல்லாவற்றிலும் சிக்கனம் செய்தவை. நல்ல 55 வாங்குவது மேல் என்பது என் முடிவு. 43-ஐ பெரியம்மாவின் கண் ஒத்துக்கொள்ளவில்லை: கடையில் ஒன்பதடியில் நிற்கவைத்துச் செய்தி எழுத்தைப் படிக்கச் சொன்னோம், 43-ல் திணறினார், 55-ல் கடகடவென்று வாசித்தார். அண்ணன் அதற்கு மேல் பேசவில்லை.

இந்த விலையில் வரும் எல்.இ.டி. டிவிகளின் பேனல், அதாவது திரைப் பலகை, இரண்டு வகை. ஐ.பி.எஸ். வகையைப் பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் வெளிறாது. ஆனால் கருப்பு, கருப்பாக இருக்காது. இருட்டு அறையில் சாம்பலாகத் தெரியும். அதில் வெள்ளைக்கும் கருப்புக்கும் உள்ள ஒளி வேறுபாடு ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. வி.ஏ. வகையில் அது மூவாயிரம், நாலாயிரம், அதற்கு மேலும் போகும். ராத்திரிக் காட்சிகள் அழுத்தமாக இருக்கும், பக்கத்திலிருந்து பார்த்தால் சாயம் போன மாதிரி ஆகிவிடும். தெற்குச் சுவரிலேயே மாட்டியிருந்தால் ஐ.பி.எஸ். தேடியிருப்போம், அப்போதும் அண்ணிக்குப் பெரிதாகப் பயன் இருந்திருக்காது. கிழக்குச் சுவரில் எல்லோரும் ஏறக்குறைய நேராகத்தான் இருக்கிறார்கள், அதனால் வி.ஏ. எடுத்தோம். இந்த விவரம் பெட்டியில் போட்டிருக்காது. டிவியை ஓடவிட்டு ஓரமாகப் போய் நின்று பாருங்கள், தெரிந்துவிடும்.

க்யூ.எல்.இ.டி. என்பதும் இதே எல்.சி.டி. திரைதான், நிறத்தைக் கூட்ட குவான்டம் டாட் அடுக்கு ஒன்று கூடுதல். ஓ.எல்.இ.டி. வேறு சாதி: ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், தானே அணையும். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான், ஆனால் இந்தப் பட்ஜெட்டில் பேச்சுக்கே இடமில்லை. எச்.டி.ஆர். (இருட்டுக்கும் பளிச்சுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும் சிக்னல்) என்ற எழுத்தை நம்பிக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். திரையின் உச்ச வெளிச்சம் 250, 300 நிட் (திரை வெளிச்சத்தின் அலகு) மட்டும் என்றால் அந்த சிக்னலை டிவி ஏற்றுக்கொள்ளும், அவ்வளவுதான். அதன் பளிச்சைக் காட்ட இயலாது.

120 ஹெர்ட்ஸ் பற்றிப் பையனோடு நெடுநேரம் பேசினேன். கேம் கன்சோல் அவனிடம் இல்லை, விளையாடுவதெல்லாம் போனில். நம் ஒளிபரப்பு 50 ஹெர்ட்ஸ். கடையில் அவன் காட்டிய மாடலின் அட்டையில் இருந்ததும் பேனலின் நிஜ வேகம் இல்லை, மென்பொருளால் இடைப்படங்களைச் செருகிக் காட்டும் "மோஷன்" எண். நிஜ 120 வேண்டுமானால் விலை கணிசமாக ஏறும். கோபம் இருந்தாலும் ஒத்துக்கொண்டான்.

கடையில்

கடையில் எல்லா டிவியும் அழகாகத்தான் இருக்கும். அங்கே ஓடுவது மெதுவாக நகரும் 4கே டெமோ வீடியோ, டிவிகள் கடை முறையில், வெளிச்சமும் நிறமும் உச்சத்தில். அந்தச் சுவரைப் பார்த்து எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. நாங்கள் கேட்டவை சில: செட்டாப் பாக்ஸை இணைத்து ஒரு எஸ்.டி. சேனல், ஒரு எச்.டி. சேனல் போடுங்கள். படத்தை வீட்டு முறைக்கு மாற்றுங்கள். என் பென்டிரைவில் இருக்கும் கிரிக்கெட் கிளிப்பையும் ஒரு இரவுக் காட்சியையும் ஓட்டுங்கள். முதல் கடையில் முகம் சுளித்தார்கள், அதனால் வெளியே வந்துவிட்டோம். இரண்டாவது கடையில் ஒரு தம்பி பொறுமையாக எல்லாம் செய்துகாட்டினார். அங்கேதான் வாங்கினோம். ஆன்லைனில் ஆயிரம் ரூபாய் குறைவாக இருந்தது உண்மை. ஊரில் சர்வீஸுக்கு யார் வருவார், எவ்வளவு நாளில் வருவார் என்று அந்தத் தம்பியிடம் கேட்டு உறுதி செய்துகொண்டதற்கு அது தகும்.

மென்பொருளில் பார்த்தது ஒன்றே ஒன்று. முறையான கூகுள் டிவி உரிமம் இருக்கிறதா, நெட்ஃபிளிக்ஸ் போன்றவை முழுத் தரத்தில் ஓடுமா என்பது. பெயர் தெரியாத மலிவு "ஆண்ட்ராய்டு 4கே" டிவிகளில் போனுக்கான ஆண்ட்ராய்டைத் திணித்து விற்கிறார்கள். அவற்றில் சில செயலிகள் ஓடவே ஓடாது, ஓடினாலும் மங்கலான தரத்தில். ரேம் 2 ஜி.பி. இருந்தது, போதும்.

பெரியம்மாவின் நம்பர் பொத்தான் கதை வேறு மாதிரி முடிந்தது. புது ரிமோட்டில் நம்பர்களே இல்லை. ஆனால் டிவியை ஆன் செய்தவுடன் நேராக எச்.டி.எம்.ஐ. 1-க்குப் போகும்படி அமைக்கலாம். இப்போது டிவி ரிமோட்டில் அவருக்கு ஒரே பொத்தான்தான் வேலை. மற்றதெல்லாம் பழகிய கேபிள் ரிமோட். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இந்த ஒரு அமைப்பு இருக்கிறதா என்று வாங்குமுன் கேளுங்கள். முகப்புப் பக்கத்தில் நூறு படங்களுக்கு நடுவே சேனலைத் தேடவிடுவது அவர்களை டிவியிலிருந்தே விரட்டுவது.

மாட்டிய அன்று

பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுத்தோம், பில்லில் இருக்கும் சீரியல் எண்ணும் டிவியின் பின்னால் இருப்பதும் ஒன்றுதானா என்று பார்த்தோம். திரையில் கீறல், செத்த புள்ளி எதுவும் இல்லை.

மாட்ட வந்தவர் வழக்கம்போல ஐந்தடி உயரத்தில் துளையிடப் போனார். சோபாவில் உட்கார்ந்தால் கண் உயரம் மூன்றரை அடி, பாயில் உட்காரும் பிள்ளைகளுக்கு இரண்டரைதான். மையம் மூன்றரை அடியில் வரட்டும் என்றேன். "இவ்ளோ கீழ யாரும் மாட்ட மாட்டாங்க சார்" என்றார். அண்ணன் நாற்காலி போட்டு உட்கார்ந்து காட்டினார், அதற்கப்புறம் அவரும் சரி என்றார். உயரத்தில் மாட்டிவிட்டு இரவெல்லாம் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கிறது என்பவர்கள் எத்தனையோ பேர்.

ஸ்டெபிலைசர் வாங்கச் சொல்லி வற்புறுத்தினார்கள். டிவியின் பின்னால் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருக்கிறது, சாதாரண ஏற்ற இறக்கத்தை அதுவே தாங்கும். டெல்டா பக்கத்தில் வடகிழக்குப் பருவமழையின்போது பயப்பட வேண்டியது இடிக்கு. அது கேபிள் ஒயர் வழியாகவும் வரும். திடீரென எகிறும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் பிளக் பலகை ஒன்று போட்டோம். இடி இடித்தால் பிளக், கேபிள் இரண்டையும் கழற்றும் பொறுப்பு பெண்ணுக்கு. கூடுதல் வாரண்டி இரண்டு வருஷம் எடுத்தோம். பேனல் போனால் செலவு டிவி விலையில் பாதிக்கு மேல் போகும் என்பதால் இது பயனுள்ளது என்பேன், உடைசலும் இடியும் அதில் அடங்காது என்பதைப் படித்துவிட்டே எடுத்தோம்.

மின்சாரம்: 55 இன்ச் சுமார் 120 வாட், ஆறு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 43 யூனிட். பழையதைவிட 25 யூனிட் அதிகம். வீட்டின் மொத்தம் 400 யூனிட்டை ஒட்டித்தான் வருகிறது. 500-ஐத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும் என்பதால் வெயில் காலத்தில் ஏசியோடு சேர்த்துக் கவனிக்கச் சொல்லியிருக்கிறேன்.

பொங்கலுக்குப் போனபோது

குறை இரண்டு இருந்தன. ஒன்று சத்தம். மெல்லிய டிவியில் ஸ்பீக்கர் கீழ்நோக்கி இருக்கிறது, குக்கர் விசில் வந்தால் பெரியம்மாவுக்கு வசனம் புரியவில்லை. பேச்சைத் தெளிவாக்கும் அமைப்பைப் போட்டதில் பாதி சரியானது. மீதிக்கு, பட்ஜெட்டில் மிஞ்சிய பணத்தில் சின்ன சவுண்ட்பார் வாங்கி ஏ.ஆர்.சி. என்று எழுதியிருக்கும், டிவியின் சத்தத்தை வெளியே அனுப்பும் எச்.டி.எம்.ஐ. துளையில் இணைத்தார்கள். இரண்டாவது, படம் வழுக்குவது போல இருக்கிறது, சினிமா பார்த்தாலும் சீரியல் மாதிரி தெரிகிறது என்று பையன் சொன்னான். இடைப்படம் செருகும் மோஷன் அமைப்புதான் காரணம். நான் அணைத்துவைத்திருந்தேன், ஒரு மென்பொருள் அப்டேட்டுக்குப் பின் அதுவே மறுபடி ஆன் ஆகியிருக்கிறது. சினிமாவுக்கு அணைத்தும் கிரிக்கெட்டுக்குக் குறைந்த அளவிலும் வைக்கக் கற்றுக்கொடுத்தேன். எச்.டி.எம்.ஐ. 1-க்கு ஒரு அமைப்பு, செயலிகளுக்கு ஒரு அமைப்பு என்று தனித்தனியாகச் சேமிக்க வேண்டும். ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் இவை இரண்டையும் திறந்து பார்க்கும் வேலை இப்போது அவனுடையது.

அண்ணி சமையலறை வாசலில் ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறார். காய் நறுக்குவது இப்போது அங்கேதான். பதினாறு அடி தூரம் என்பதால் எழுத்து மட்டும் அவருக்குச் சின்னதாகத் தெரிகிறதாம், கண்ணாடி நம்பரைப் பார்க்க அடுத்த வாரம் போகிறார்.